பௌர்ணமிக்கு முன் வைத்த பாகற்கன்றுகள்

ஏப்ரலில் வீட்டின் பின்வளவில் பனி உருகத் தொடங்கினால் எனக்கு எரிச்சலும் கூடவே தொடங்கிவிடும். மார்கழியிலிருந்து மூடிக்கிடந்த குப்பையெல்லாம் ஒரே வாரத்தில் தலையைக் காட்டும். பனி வழிக்கும் வண்டி தள்ளிவிட்டுப்போன சல்லிக்கல், கூட்டாமல் விட்ட மேப்பிள் சருகு, எந்த வீட்டிலிருந்தோ பறந்துவந்த பிளாஸ்டிக் பை. மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து இந்த வேலைகளில் என் பங்கு, கூப்பிட்டால் போய்ச் செய்வது மட்டும்தான். தோட்டம் மனைவியுடையது. நான் கூலியாள், அதுவும் முணுமுணுக்கும் கூலியாள்.

நான் சொல்லும் வருடம், இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், கூப்பிட ஆள் இல்லை. மனைவி ரொறன்ரோவில் மகள் வீட்டில் இருந்தாள். அதற்கு முந்திய சித்திரையில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். "என்ரை பாகல் காயப்போகுது" என்றாள். பேத்தியை விட்டுவிட்டுப் பாகலுக்காக ஓடிவந்தவள் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஐப்பசியில் மருமகனுக்கு வேலை நேரம் மாறியது. மகள் தனியே அல்லாடுகிறாள் என்று மறுபடி போனாள், ஒரு மாதத்துக்கு என்று சொல்லி. அந்த ஒரு மாதம் தை, மாசி என்று இழுபட்டது.

எனக்கு அவ்வளவு பயம் இருக்கவில்லை. வசந்தம் வந்தால் தோட்டம் அவளை இழுத்துவரும் என்று நம்பினேன். பங்குனியில் அவளே தொலைபேசியில் சொன்னாள்: "பிரிட்ஜிலை ஜாம் போத்திலுக்கை விதை கிடக்கு. யோகட் கப்பிலை மண்ணைப் போட்டு ஊண்டி விடுங்கோ. வருசப் பிறப்புக்கு நான் வந்திடுவன்."

அவள் முற்றவிட்டு எடுத்த பாகல் விதைகளும் புடோல் விதைகளும். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் ஊன்றினேன். பேஸ்மென்றில் டியூப் லைட்டுக்குக் கீழே கப்புகளை அடுக்கினேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றியதும் நேரே கீழேதான் போவேன். ஒன்பதாம் நாள் முதல் பாகல் தலையை நீட்டியது. அவற்றோடு கதைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கதைத்தேன்தான். அந்த வீட்டில் வேறு யாரோடு கதைப்பது?

வருடப் பிறப்புக்கு முதல் நாள் மாலை அவள் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, வரேலாமல் கிடக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ம்."

"மகளுக்கு வாற மாசம் லீவு முடியுது. டே கேரிலை ஒரு இடம் வந்திருக்காம். மாசக் கடைசிக்குள்ளை முடிவு சொல்லவேணும். எடுத்தால் நான் அங்கை வந்திடலாம். எடுக்காட்டி நான்தான் நிண்டு பிள்ளையைப் பாக்கவேணும். என்ன சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? உம்மடை விருப்பம்."

பிறகு, "சரி, நாளைக்குப் பதினொண்டரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையிலை நல்ல நேரமாம். நாள் வேலைக்கு மண்ணை ஒருக்காக் கொத்தி விடுங்கோ" என்றாள்.

வருடப் பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து அவரவர் தொழிலைத் தொட்டுவைப்பதைத்தான் எங்கள் ஆட்கள் நாள் வேலை என்பார்கள். பேருக்குச் செய்வது அது. மனைவி ஒவ்வொரு வருடமும் குளிர்ச்சட்டையோடு வெளியே போய், மிஞ்சிய பனியைக் காலால் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் மூன்று கொத்துக் கொத்திவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணி வைப்பாள். அதோடு சரி. மிச்சமெல்லாம் வைகாசியில்தான்.

எனக்கு அன்று மூன்று கொத்துப் போதவில்லை. கோபம் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவள் மீது கோபம், உம்மடை விருப்பம் என்று சொன்ன என் வாய் மீது அதைவிடக் கோபம். வெளியே பார்த்தால் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. வீதியில் பெடியள் அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் ஓடினார்கள். இவள் இல்லாமல் எனக்குத் தோட்டம் செய்ய முடியாதா என்று ஒரு வீம்பு ஏறியது. பதினொன்றரைக்குக் கப்புகள் முழுவதையும் தட்டில் வைத்து மேலே கொண்டுவந்தேன். மண்வெட்டி அரைச் சாண் இறங்கியதும் கீழே கட்டியான ஐஸில் முட்டியது. அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. அந்த அரைச் சாண் மண்ணில் இருபத்திரண்டு கன்றுகளையும் நட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக் கிழவி, தனியே இருக்கும் பிரெஞ்சுக்காரி, சருகு வாரியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "த்ரோ தோ, முசியு" என்றாள். காலம் வரவில்லை என்று எனக்கு விளங்கியது. போதாததற்குக் கையால் வானத்தைக் காட்டி, அரைகுறை ஆங்கிலத்தில், மே மாதப் பௌர்ணமி கழியட்டும் என்றாள். உனக்குப் பௌர்ணமி இருந்தால் எனக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே நன்றியாக மெர்சி என்றேன்.

உள்ளே வந்து நானே ரொறன்ரோவுக்கு எடுத்துப் பெருமையடித்தேன். "எல்லாம் நட்டாச்சு."

"நட்டாச்சோ? ஐயோ, இரவைக்குப் பழைய சீலை ஏதும் எடுத்துப் போர்த்து விடுங்கோ."

"எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டேன். போர்க்கவில்லை. சொன்னதைச் செய்தால் நான் கூலியாள்தானே.

விடிய எழும்பிப் பார்த்தபோது புல்லெல்லாம் வெள்ளை. கன்றுகள் வெந்நீரில் போட்ட கீரை போலக் கறுத்துச் சுருண்டு மண்ணில் படுத்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தேன். விரலில் பச்சைத் தண்ணீர் ஒட்டியது. இருபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை.

மாலையில் அவள் கேட்டாள்: "கண்டுகள் எப்பிடி?"

"நல்லா நிக்குது."

"இரவு குளிரேல்லையோ?"

"சீச்சீ. இஞ்சை நல்ல வெயில்."

"அப்ப சரி" என்றாள்.

வெட்கத்தில் மட்டும் சொன்ன பொய் அல்ல அது. பாகல் செத்துவிட்டது என்று தெரிந்தால் பிறகு எதற்காக வருவாள்? அதுதான் என் பயம். ஆகவே செத்த கன்றுகளைத் தொலைபேசியில் வளர்த்தேன். மூன்றாம் இலை விட்டது என்றேன். சுருள் எறிகிறது என்றேன். அவளும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டாள். மாதம் முடியும்வரை அந்த டே கேர் கதையை நான் எடுக்கவே இல்லை. அவள் இரண்டு தரம் அந்தப் பக்கம் கதையைத் திருப்பினாள். இரண்டு தரமும் நான் வானிலைக்கு ஓடினேன்.

பொய்க்குப் பிராயச்சித்தம் போல மற்ற வேலைகளையெல்லாம் செய்தேன். வாசற்படியில் பனி விழாமல் போட்டிருந்த குளிர்காலக் கூடாரத்தைத் தனியே கழற்றினேன். ரோசாக்களுக்குச் சுற்றிய சாக்கை அவிழ்த்து, கருகிய கொப்புகளைக் கையைக் கிழித்துக்கொண்டு வெட்டினேன். புல்லுக்குள் கிடந்த சல்லியைக் குந்தியிருந்து பொறுக்கினேன். சருகை வாரும்போது போன வருடப் பந்தல் நின்ற இடத்தில் சின்னச் சின்னக் கற்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருந்தது. புடோலங்காய் வளையாமல் நேராக வளரவென்று நுனியில் அவள் கட்டித் தொங்கவிட்ட கற்கள். ஏழு கல் இருந்தன. அவற்றைக் கழுவி யன்னலோரம் வைத்தேன். அன்று சமைக்கவில்லை. பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மாதக் கடைசியில் அவள் சொன்னாள்: "டே கேருக்கு வேண்டாமெண்டு சொல்லியாச்சு."

"ஏன்?"

"அங்கை எல்லாம் நல்லாத்தானே நடக்குது."

அன்றும் வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

மே மாதப் பௌர்ணமி கழிந்த சனிக்கிழமை அயல்வீட்டுக் கிழவி தக்காளிக் கன்றுகளை இறக்கி நட்டாள். என் வெறும் பாத்தியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வேலிக்கு மேலால் நாலு கன்றை நீட்டினாள். சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பேசாமைதான் தாங்க முடியாமல் போனது. கன்றுகளைப் படியில் வைத்துவிட்டு, மண் கையோடு உள்ளே போய் மனைவிக்கு எடுத்தேன்.

"எல்லாம் செத்துப் போச்சு. வருசத்தண்டு இரவே செத்துப் போச்சு."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"மொன்றியலிலை மைனஸ் நாலெண்டு ரிவியிலை காட்டினவங்கள். நீங்கள் போர்த்திருக்கமாட்டியளெண்டும் தெரியும்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"பாகல் இல்லையெண்டால் நீர் வரமாட்டீரெண்டு நினைச்சன்."

மறுமுனையில் பேத்தி ஏதோ மழலை பேசியது கேட்டது. அவள் அதற்கு ஓம், ஓம் என்றுவிட்டுச் சொன்னாள்: "போன வருசம் நான் பாகலுக்கே வந்தனான்? இஞ்சையெல்லாரும் நில்லுங்கோ நில்லுங்கோ எண்ட, உங்களைத் தனிய விடேலாமல் ஓடி வந்தனான். பாகலெண்டு சொன்னது ஒரு சாட்டுக்கு. இந்த முறை நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் வருவமெண்டு இருந்தன்."

"வாரும்" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"இனி எப்பிடியப்பா? மகளும் வேலைக்குப் போகத் தொடங்கியிட்டாள். அந்த இடத்தை வேறை ஆருக்கோ குடுத்திட்டாங்கள். வாற சித்திரை வரைக்கும் இடமில்லையாம்."

கன்றை ஒரு மாதம் முந்தி வைத்தேன். சொல்லை ஒரு மாதம் பிந்திச் சொன்னேன். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

"விதை முழுக்க முடிஞ்சுது" என்றேன்.

"என்னட்டைக் கொஞ்சம் கிடக்கு. உங்களை நம்பி எல்லாத்தையும் விட்டிட்டு வருவனே?" சிரித்தாள் போலிருந்தது. மூக்கை உறிஞ்சவும் செய்தாள். "வாற வருசம் கொண்டாறன். இப்ப தக்காளியை நடுங்கோ."

தக்காளியை நட்டேன். அடுத்த நாள், படர ஒரு கொடியும் இல்லாத பாத்தியில், அவள் போடும் அளவிலேயே பந்தலும் போட்டேன். கம்பு ஊன்றி, குறுக்கே நூல் இழுத்துக் கட்டினேன். யன்னலோரத்துக் கற்கள் ஏழையும் கொண்டுபோய், போன வருடம் காய்கள் தொங்கிய இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டேன். அந்தக் கோடை முழுவதும் வேலையால் வந்ததும் பின்படியில் இருந்து, அவை காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியை எடுப்பேன். அவள் ஹலோ சொல்வதற்கு முன்னமே, வாரும் என்பேன்.