கேப்டன் போனுக்குக் காத்திருந்த கால்

சுனாமிக்கு அடுத்த வருஷம். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் சர்ஜரி வார்டுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர். நிக்கோபாரில் ஒரு சின்னத் தீவிலிருந்து டேனியல் என்பவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கூட அவர் தம்பி சைமன். அலையில் தகரம் கிழித்த கால்; சர்க்கரையும் சேர்ந்துகொண்டு, கணுக்கால் தாண்டிக் கறுத்திருந்தது.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். லேட் பண்ணா செப்டிக் ஏறி ஆளே போயிடுவாரு. கன்சென்ட் வாங்குங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

டேனியல் தீவில் தமிழ்க் கடைக்காரரிடம் கொப்பரை மூட்டை தூக்கியவர். தமிழ் நன்றாகவே பேசுவார். "கேப்டன கேக்கணும் சிஸ்டர்" என்றார். கேப்டன் என்றால் அவர்கள் ஊர்த் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கால் உங்களுதா, கேப்டனுதா?"

"எல்லாருதும்தான்."

சைமன் குறுக்கே வந்தார். "எங்க தீவுல தனிச் சொத்து கிடையாது சிஸ்டர். தென்னந்தோப்பு, பன்னி, படகு எல்லாம் பெரிய குடும்பத்துக்குப் பொது. அலை எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு. மிச்சம் இருந்தவங்கள பக்கத்துத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய் தனித்தனித் தகர ஷெட்ல போட்டாங்க. அதுதான் ரொம்பக் கஷ்டம்."

அடப் போய்யா, கதை கேட்கிற நேரமா இது? காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தத் தகர ஷெட் முகாமின் சாட்டிலைட் போனுக்கு அடித்து அடித்து விரல் வலித்தது. ஒருவழியாக லைன் கிடைத்தால், எந்த மரம் மிஞ்சியிருக்கிறதென்று பார்க்கக் கேப்டன் பழைய தீவுக்குப் படகில் போயிருக்கிறாராம். என் செல் நம்பரைக் கொடுத்தேன். அப்புறம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ரிங் வந்தாலே ஓடுவேன். பார்த்தால் என் வீட்டுக்காரர், பெரிய மார்க்கெட்டிலிருந்து. "வஞ்சிரம் நல்லா இருக்கு, வாங்கட்டுமா?"

"போனை வைங்க முதல்ல!"

தியேட்டர் ரெடி. டாக்டர் வாசலில் வந்து நின்று முறைக்கிறார். அப்போதுதான், முகாமுக்குத் திரும்பிவிட்ட கேப்டன் கூப்பிட்டார். சைமன் போனை அண்ணன் காதில் வைத்தார். பேச்சு நீண்டுகொண்டே போனது. டேனியல் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஒத்துக்கிட்டாரா இல்லையா? சொல்லித் தொலைங்க!" என்றேன்.

"அண்ணன் அனுமதி கேக்கல சிஸ்டர்" என்றார் சைமன். "இனிமே மரம் ஏற முடியாது, படகு தள்ள முடியாது. தன்னோட வேலைய யாரு செய்வாங்கன்னு கேட்டாரு. கேப்டன் எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருக்காரு. ஒவ்வொருத்தரா போன்ல வந்து, நான் ஏறுறேன், நான் தள்ளுறேன்னு சொல்லிட்டு இருக்காங்க."

டாக்டர் உள்ளே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசி ஆள் பேசி முடித்ததும் டேனியல் போனை என்னிடம் நீட்டினார். "இப்ப கால எடுத்துக்குங்க சிஸ்டர்."

பிழைத்து, கட்டைக்கால் பொருத்திக்கொண்டுதான் ஊருக்குப் போனார்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: கன்சென்ட் வாங்கும் முன்னால், "வீட்டுக்குப் போனா உங்க வேலைய யாரு பாப்பாங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் அதைக் கேட்காமல் இருந்ததில்லை. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். நம்ம ஊர் நோயாளிகள் பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு ஒருத்தர் பேரும் சொல்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.