முன்சீட்டுத் தீர்ப்பு

அந்த அறக்கட்டளையில் கலைக்கு ஒரு அதிகாரி, பழைய கட்டடங்களுக்கு ஒரு அதிகாரி, பள்ளிகளுக்கு ஒரு அதிகாரி என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் படிப்பு, தனித்தனி மூக்குக்கண்ணாடி. கார் மட்டும் ஒன்றே ஒன்று. அதை ஓட்டியவரும் ஒருவரே. உதவி கேட்டு யார் விண்ணப்பம் போட்டாலும், நேரில் போய்ப் பார்க்காமல் எதுவும் கொடுப்பதில்லை என்பது அங்கே விதி. பதினைந்து வருடங்களில் அதிகாரிகள் மாறி மாறி வந்து போனார்கள். எல்லா நாடகத்தையும், எல்லா நூலகத்தையும், எல்லா இடிந்த மாளிகையையும் ஒன்று விடாமல் பார்த்த ஒரே ஆள் டிரைவர்தான்.

பார்த்தது மட்டுமா, தீர்ப்பும் அவருடையதுதான். இது அறக்கட்டளைத் தலைவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்று டிரைவருக்குச் சம்பளத்தைக் கூட்டியிருப்பார், இல்லை அதிகாரிகளுக்குக் குறைத்திருப்பார். இரண்டும் நடக்கவில்லை.

விஷயம் இப்படித்தான் நடக்கும். பார்வையிட்டுத் திரும்பும் வழியில் கலை அதிகாரி பின்சீட்டில் மடிக்கணினியைத் திறப்பார். கெட்டிக்காரப் பெண்மணி, நல்ல மனசு. ஆனால் அறிக்கையில் முதல் வரி எழுதுவதற்குள் நகமெல்லாம் கடித்துத் தீர்ந்துவிடும். பிறகு, "அண்ணே, எப்படி இருந்துச்சு?" என்பார்.

டிரைவர் மேடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். "முன்னாடி நின்னா என்ன மேடம் தெரியும்? நாம வர்றோம்னு பளபளன்னு வெச்சிருப்பாங்க. பின்பக்கம் போகணும்" என்பது அவர் கொள்கை. ஒரு முறை பள்ளி ஒன்று இசை அறை கேட்டிருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மணி அடிச்சு அரை மணி நேரம் ஆச்சு மேடம், ஒரு பிள்ளைகூட வீட்டுக்குக் கிளம்பல. வாட்ச்மேன் சாவியை ஆட்டி ஆட்டிக் கை வலிச்சு நிக்கறார்." அது அறிக்கையில், 'பள்ளி நேரத்துக்குப் பின்னரும் மாணவர்களின் தன்னார்வ ஈடுபாடு கண்கூடாகத் தெரிந்தது' என்று கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் அந்த வரியைக் குரல் தழுதழுக்க வாசித்தபோது, கடைசி வரிசையில் டிரைவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. அன்றிலிருந்து அலுவலக உதவியாளர் அவருக்கு வைத்த பெயர் நீதிபதி.

நீதிபதிக்கு ஒரு குணம் உண்டு. யாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போட மாட்டார். நல்லதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால் வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டுவார். பழைய அச்சு இயந்திரங்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. அந்த இயந்திரங்களின் மேல் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்ததை அவர் பின்பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் மௌனம். அந்த விண்ணப்பம் அன்றே மூடப்பட்டது. மௌனம் சம்மதம் என்பார்கள். அறக்கட்டளைக் காரில் மட்டும் மௌனம் என்றால் மறுப்பு.

இது அவருக்கும் அதிகாரிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. அவர் மனைவிக்குத் தெரியாது. வந்தது வினை.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். அங்கேயுள்ள பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நாடகக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே ஒத்திகை. அடுத்த மாதம் அந்த இடத்துக்குப் புது இயந்திரம் வருகிறது. பன்னிரண்டு பேரும் நடுத்தெருவில்தான் நடிக்க வேண்டும். அதனால் ஒரு வருடத்துக்கு ஒரு கூடமும் நாலு விளக்கும் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். மேற்பார்வையாளர் பெயரில் போட்டிருந்ததால், பட்டியலில் ஏழாவதாக இருந்தது டிரைவரின் மனைவி என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பார்வையிட வருவதற்கு முதல் நாள் அவள் கணவனை நிற்கவைத்து, "சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எங்க நாடகத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். புருஷன் சிபாரிசுல வாங்கினாங்கன்னு ஒரு சொல் வந்தா, நான் மத்த பதினொரு பேர் முகத்துல முழிக்க முடியாது."

நியாயமான பேச்சு. டிரைவர் யோசிக்காமல் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டார். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் பிரஷ் பாதி வாயில் நின்றது. பேசாமல் இருந்தால் அது மறுப்பல்லவா! நுரையோடு சமையலறைக்கு ஓடி, "இந்தா, ஒரு விஷயம்..." என்றார்.

"நாடகத்தைப் பத்தியா?"

"ஆமா."

"பேச்சே கிடையாது. வாயைக் கொப்பளிங்க."

அவ்வளவுதான். பேசினால் சத்தியம் போச்சு, பேசாவிட்டால் கூடம் போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் காரைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார்.

சலவைக்கூடத்தில் நாடகம் தொடங்கியதும் வழக்கம்போல் பின்பக்கம் நழுவினார். சோப்பு டப்பாக்கள், சக்கர வண்டிகள், வரிசையாக மாட்டிய மேலங்கிகள். எல்லாம் ஒழுங்காக இருந்தன; தீர்ப்புச் சொல்ல அதுவே போதும். ஆனால் உள்ளே குபீரென்று சிரிப்புச் சத்தம். அடுத்து இன்னொன்று. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்பக்கம் வந்து நின்றார்.

மேடையில் ஒரு கணவன். முழுக்கைச் சட்டை போட்டு, விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடந்து வருகிறான். உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு தட்டுத் தட்டுகிறான். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். சிரித்தவர்களில் முதல் ஆள் டிரைவர்தான். இந்த மாதிரி ஒரு பிறவியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் தன் விரலில் சாவிக்கொத்து சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அதை மனைவி வேடமாகப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்தால் தெரிகிறது.

மேடையில் மனைவியாக நடித்தவர் மேற்பார்வையாளர். அவர் வீட்டு ஜன்னல் திரையை மாற்றுகிறார், கணவன் கவனிக்கவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறார், கவனிக்கவில்லை. கடைசியில் படுக்கை விரிப்புகளைச் சுருட்டி முடிச்சுப் போட்டு ஒரு பொம்மை செய்து, தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். கணவன் மூன்று வாரம் அந்தப் பொம்மையிடமே பேசிக்கொண்டிருக்கிறான். "இன்னைக்கு ஒரு இடம் போனோம், என்னா வேலைப்பாடு தெரியுமா!" என்று சுற்றுப்பட்டு ஊர்களில் உள்ள அதிசயத்தையெல்லாம் அதனிடம் சொல்கிறான். கூடம் அதிர்ந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

திரும்பும் வழியில் மடிக்கணினி திறந்தது. "அண்ணே, எப்படி?"

டிரைவர் சாலையைப் பார்த்தார்.

"எனக்குப் பிடிச்சுது. நீங்க சொல்லுங்க."

சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. அவர் வாய் மட்டும் அசையவில்லை. விளக்கு பச்சையாயிற்று, இன்னொரு திருப்பமும் போயிற்று.

"சரிண்ணே, புரிஞ்சுடுச்சு" என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். "நான்தான் சிரிச்சதுல ஏமாந்துட்டேன் போல. பின்னாடி என்ன பார்த்தீங்களோ." விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டும் டிரைவரின் பிடரியில் விழுந்தது. பன்னிரண்டு பெண்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

வண்டியை ஓரங்கட்டினார். திரும்பி உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொன்னார்: "சாவியைச் சுத்தினது என் பொண்டாட்டி மேடம். நாடகத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். நான் பேசலைங்கறதுக்காக நீங்க எதையும் எழுதிடாதீங்க."

அதிகாரி அவரையே பார்த்தார். பிறகு அவர் இடது தோளைப் பார்த்தார். பிறகு கணினியை மூடி, முகத்தை அதன் பின்னால் மறைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கு அறக்கட்டளையின் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. "இது உங்க சொந்தம். உங்களைக் கேட்டு எழுதற நானும் இதை எழுதக் கூடாதுண்ணே. வேற ஆள்தான் போகணும். வேற வண்டியில."

வேற ஆள் என்றால் பழைய கட்டட அதிகாரி. நாடகம் என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். வாடகைக் காரில் போய் வந்து நாலு பக்கம் எழுதினார். மூன்றே முக்கால் பக்கம் சலவைக்கூடத்துச் சுவர்ப் பூச்சைப் பற்றி. கடைசியில், 'நாடகம் சிறப்பு. கூடமும் விளக்குகளும் தரலாம். இதில் வரும் கணவரைப் போல் ஒருவரை எங்கோ பார்த்திருக்கிறேன், நினைவுக்கு வரவில்லை' என்று முடித்திருந்தார்.

உத்தரவு வந்த அன்று சலவைக்கூடத்தில் ஒரே கூத்து. மனைவி மட்டும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"கிடைச்சுடுச்சு" என்றாள்.

"ம்" என்றார் டிரைவர். மனசுக்குள் துள்ளிக் குதித்தார். ஆனால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

அவள் பையை ஆணியில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். "ரெண்டு வாரமாச்சு. நீங்க முன்னாடி வந்து நின்னதை மேடையில இருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு தினம் பார்க்கறேன். ஆபீஸ்லதான் பேசாதீங்கன்னு சொன்னேன். என்கிட்டயுமா?"

டிரைவர் திகைத்துப்போனார். "சத்தியம்னா சத்தியம்தானே. வீட்டுக்கு விலக்குன்னு நீ சொல்லலையே."

"ஊர்ல இருக்கற ஒவ்வொரு கூத்துக்கும் கருத்துச் சொல்ற மனுஷன்! உங்க வாயால கேக்கணும்னுதானே நான் அதை எழுதினதே. அந்தக் கூடமே வேணாம்னு ஆயிடுச்சு எனக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். நீதிபதியிடம் அந்த நேரத்துக்கு ஒரு நல்ல வாக்கியம்கூடத் தயாராக இல்லை, வந்ததைச் சொன்னார்.

"முதல்ல சிரிச்சது நான்தான். அப்புறம் அந்த ஆளு பொம்மைகிட்ட பேசிட்டே இருந்தான் பாரு... மேல ஏறி வந்து, அவன் தலையைப் புடிச்சுத் திருப்பணும் போல இருந்துச்சு. அவ போயிட்டாடா, பாருடான்னு கத்தணும் போல இருந்துச்சு. பயந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் வண்டியை விட்டுட்டு ஓட்டமும் நடையுமா வந்தேன், நீ வீட்ல இருக்கியான்னு பார்க்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். "வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நல்லா?"

"ரொம்ப."

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் சொல்லுங்க," என்றாள். "நாடகத்துல எந்த இடம் ரொம்ப நீளமா இருந்துச்சு?"