பாதியில் மங்கிய செய்தி

வளைகுடாப் போரின்போது என் கணவர் சவூதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். லிங்கராஜபுரம் வாடகை வீட்டில் நானும் கொழுந்தனும் மட்டும். அவருக்கு எத்தனை தடவை போட்டாலும் ஃபோன் லைன் கிடைக்கவில்லை. சிற்றலை ரேடியோவில் வரும் தமிழ்ச் செய்தியைத்தான் நம்பிக் கிடந்தோம்.

அன்று மாலை இரைச்சலுக்கு நடுவே அவர் இருந்த ஊரின் பெயர் கேட்டது. தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்தில் ஏவுகணை விழுந்திருக்கிறது. "இறந்தவர்களில் இந்தியர்கள்..." என்றதும் குரல் தேய்ந்து கரைந்துவிட்டது. நான் பாய்ந்து குமிழைத் திருகினேன்.

"திருப்பாதீங்க அண்ணி! ஸ்டேஷன் அங்கயேதான் இருக்கு. அலைதான் வரல."

"இப்பதானே பேசினான்! ஏன் வரல?"

"அது நேரா வர்றதில்ல அண்ணி. ரொம்ப உயரத்துல மின்சாரம் ஏறின காத்து அடுக்கு இருக்கு. அதுல பட்டுத் திரும்பித்தான் கீழ வருது. பொழுது சாயறப்ப அந்த அடுக்கு மாறும். அலை வேற எங்கயாவது போய் விழும்."

வேறு எங்கேயோ, சவூதிக்கு யாரையும் அனுப்பாத ஒருத்தி அந்த மிச்ச வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு வெறி பிடித்தது. மொட்டை மாடிக்கு ஓடி, ஏரியலுக்காகக் கட்டியிருந்த செம்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். தலைக்கு மேலே வானம் வெறுமனே சிவந்து கிடந்தது. கீழே குரல் திரும்பி வந்தபோது கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, "அக்கா, ஃபோன் பந்திதே! பேக பன்னி!" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடத்தில் கூவினார். ஃபோன் வந்திருக்கிறது, சீக்கிரம் வா என்கிறார். செருப்பில்லாமல் ஓடினேன்.

"நான்தான். கையில அடி, அவ்வளவுதான். அழாத." பிறகு அவர் குரல் உடைந்தது. "கூடத் தங்கியிருந்தானே, ஸ்ரீராம்புரத்துக்காரன்... அவன் போயிட்டான். அவன் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லல. நீ போய்..." லைன் அறுந்துவிட்டது.

கொழுந்தனோடு போனேன். சந்தின் கடைசி வீடு. அவன் மனைவியை ஒரே ஒரு முறை, விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பதறி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா" என்றேன். அவள் என் முகத்தையும், தலை குனிந்து நின்ற கொழுந்தனையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கைகளைப் பிடித்தபடியே அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.