எங்கள் பூனை குறுக்கே போகாத அன்று

இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன் நடந்தது இது. நாமக்கல்லுக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு, அதாவது புஞ்சை நிலம், இருந்தது. காட்டுக்கு நடுவே ஓலை வேய்ந்த ஒரு சாளை வீடு. அதில் நான், என் வீட்டுக்காரர், ஒரு ஜோடி எருது, ஒரு பூனை. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பூனை மட்டும் எங்களுக்கும் சேர்த்து அடிக்கடி குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

மழை தொடர்ந்து ஏமாற்றியதால் கிணறு வற்றிப்போனது. ஆழப்படுத்தலாம் என்று என் வீட்டுக்காரர் ஆள் வைத்தார். அடியில் முழுக்கப் பாறை. துளை போட்டு, வெடிமருந்தைத் திணித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு எல்லோரும் தூர ஓடிப்போய் நிற்பார்கள். வெடித்து ஓய்ந்ததும் என் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்ப்பார். ஈரம்கூடத் தெரியாது. முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்.

நாள் போகப் போக அந்தக் கிணறே அவருக்குப் பைத்தியமாகிவிட்டது. களி உருண்டையைப் பிட்டு வாயில் போடுவார், பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். தூக்கம் என்பதே கிடையாது. நான் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கிணற்றில் தண்ணீர் வருமா வராதா என்பதைவிட, இந்த மனுஷன் நமக்கு மிஞ்சுவாரா என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வெடிச் சத்தம் கேட்டால் பூனைக்கும் பயம்தான். வாலைப் புடைத்துக்கொண்டு சோளத்தட்டுப் போருக்குள் போய்ப் பதுங்கிவிடும். ஆனால் சத்தம் அடங்கிய கொஞ்ச நேரத்தில் மெதுவாக வெளியே வரும். உடம்பை ஒரு உதறு உதறும். காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும். உட்கார்ந்து நிதானமாக உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அப்புறம் சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். அடுத்த வெடிக்கு அடுத்த பயம், அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருக்கும்.

என் வீட்டுக்காரருக்குச் சகுனத்தில் ரொம்ப நம்பிக்கை. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால், எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்றுப் பொறுத்துத்தான் போவார்கள். அவசரத்தில் பறக்கிற இவரும் இதை மட்டும் மீறமாட்டார். முணுமுணுத்துக்கொண்டே வந்து கட்டிலில் உட்காருவார். சொம்புத் தண்ணீரைக் குடிப்பார். உட்கார்ந்தபடியே சில நேரம் கண்ணை மூடி அசந்தும் போவார்.

ஒன்றிரண்டு தடவை இதைப் பார்த்த பிறகு நான் விடுவேனா? அவர் துண்டை உதறித் தோளில் போடும்போது உள்ளே இருந்து முறத்தை ஒரு தட்டுத் தட்டுவேன். பூனை மிரண்டு வாசலில் குறுக்கே ஓடும்.

"ஏம்புள்ள, இந்தச் சனியன ஆருக்காச்சும் குடுத்துத் தொலையேன்!" என்று கத்துவார்.

"குடுத்துப்போட்டா எலி வந்து கம்பு பூராத்தையும் தின்னு போடுமுங்க. நீங்க உக்காந்து தண்ணி குடிங்க" என்பேன், ஒன்றும் தெரியாதவள் போல.

அந்த நாட்களில் அவர் கண்ணயர்ந்தது எல்லாம் பூனையின் புண்ணியத்தில்தான்.

அன்று காலையிலேயே வெடி வைத்தார்கள். பூனை அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. முதல் வெடி கேட்டதுமே அதற்கு இந்த இடம் ஒத்துவராது என்று பட்டுவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு எடுத்துப் போய்விட்டது. அது போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

வெடித்த சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்த கிணறு வெட்டும் மேஸ்திரி, என் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னார்:

"சாமி, ஒண்ணு வெடிக்காம நின்னுபோச்சுங்க. இன்னைக்கு ஆரும் உள்ள எறங்கப்படாதுங்க. நாளைக்குப் பொழுது கெளம்புனதும் நானே எறங்கிப் பாக்கறனுங்க."

சொல்லிவிட்டு ஆட்களோடு கஞ்சி குடிக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சாளைக்கு வந்தார். சோற்றைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், வந்தார். கடைசியில் துண்டை எடுத்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"சும்மா பாத்துட்டு வாரேன். பாறை கசியற மாதிரி இருந்துச்சு."

"மேஸ்திரி வேண்டாம்னு சொன்னாருங்களே!"

"அவனுக்கென்ன, காடு காயறது எனக்குத்தான!"

நான் உள்ளே ஓடி முறத்தைத் தட்டினேன். திரும்பத் திரும்பத் தட்டினேன். வாசல் வெறுமையாகத்தான் கிடந்தது. அந்த நேரம் பூனை பக்கத்துக் காட்டில் குட்டிகளை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கும். "ஏனுங்க, போகாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றுப் படியில் பாதிதான் இறங்கியிருப்பார். நின்றுபோயிருந்த வெடி வெடித்தது.

உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். கல் சிதறிப் பட்ட காயங்கள் நாளடைவில் ஆறின. காது கேட்கும் சக்தி மட்டும் திரும்பவில்லை. சேலத்துக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். வண்டியில் திரும்பி வரும்போது எருதின் கழுத்து மணிகளை இவர் பார்த்துக்கொண்டே வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன். சத்தமாக அழுதிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

கிணற்று வேலை நின்றுபோனது. அவர் கட்டிலிலேயே கிடந்தார். பூனை குட்டிகளோடு சாளைக்குத் திரும்பி, அவர் கால்மாட்டில் இடம் பிடித்துக்கொண்டது. அவர் அதை விரட்டவில்லை. அது நக்குவதையும் சோம்பல் முறிப்பதையும் தூங்குவதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், தன் குரல் தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாத்தியா புள்ள, பயந்தா ஓடுது. பயம் போனா படுத்துத் தூங்குது. பயத்தக் கூடவே கட்டித் தூக்கிட்டுத் திரியறதில்ல. இத்தன நாளும் இது என்ர கண்ணு முன்னாலதான இருந்துது!"

என்ன பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. யாரும் இறங்காமலே, யாரும் வெட்டாமலே கிணறு நிறைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார். அவள் அழுதால் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவள் முதன்முதலாக "அப்பா" என்று கூப்பிட்டபோது அவர் எருதுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். நான்தான் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். குழந்தையின் உதட்டசைவைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! அந்த மலர்ச்சி என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அன்று ஒரே ஒரு பொழுது அவர் பொறுத்திருந்தால் என் மகளின் குரலை அவர் காதாரக் கேட்டிருப்பாரே என்று, அவள் "அப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.