ஆறாம் நம்பர் ஆடாத ஃபைனல்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் கோர்ட்டுக்குப் போகிறோம், கோச் சார் விஷயத்தில் இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று சித்தி சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. கோர்ட் என்றால் கறுப்பு அங்கி போட்ட ஜட்ஜும் மரக்கூண்டும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சீரியல்களில் பார்த்திருக்கிறேன். கோச் சார் பெரிய தப்பு ஏதோ செய்து மாட்டிக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். சித்தி அவரைப் பற்றிப் பேசியதைக் கேட்டு வளர்ந்த யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

அம்மாவும் சித்தியும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். அந்தக் காலத்தில் பந்து நன்றாகப் போட்டால் ஒப்பந்த வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு பாக்கிங் பிரிவில் வேலை. கோச் சாரும் அங்கே சம்பளத்துக்கு இருந்தவர். அதற்கு முன் மாநில அணியைப் பழக்கியவர் என்று பெயர். அவருக்கு யாருடைய பெயரும் வாயில் வராது. பனியனில் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மா ஆறு. சித்தி பதினொன்று.

பண்டிகை நாட்களில் எங்கள் ஒக்கலிபுரத்து வீட்டில் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், சித்தி அந்த ஃபைனல் கதையை எடுப்பாள். வெளியே ரயில் போனால் சத்தம் அடங்கும் வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்வாள். அந்தக் கம்பெனிக்கு அதுவரை கிடைக்காத கோப்பை. கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் ஒட்டி ஒட்டி வருகின்றன. அணியிலேயே நன்றாக ஆடுகிற ஆறாம் நம்பரை கோச் ஆரம்பத்திலிருந்தே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். பார்வையாளர்கள் ஆறு, ஆறு என்று கத்துகிறார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அணி தோற்றது. கொஞ்ச மாதங்களில் நிர்வாகம் பெண்கள் அணியையே கலைத்தது. கோச்சுக்கும் வேலை போனது, பெண்கள் பலருக்கும் போனது. அவர் எதிரணியிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய அணியும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றார்.

இந்தக் கதை நடக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பாள். தான் ஆடாத மேட்சைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அது பாதி சரி.

கோர்ட்டில் ஜட்ஜும் இல்லை, கூண்டும் இல்லை. சிவாஜிநகரில் மாதா கோயிலுக்குப் பின்புறம் இருந்த பழைய கூடைப்பந்துத் தளம் அது. புதிதாக சிமெண்ட் போட்டு, வளையங்களுக்கு வலை மாட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு பெயர்ப்பலகை வைக்க வேண்டும், அதில் கோச் சாரின் பெயரை எழுதலாமா என்பதுதான் வழக்கு. விளையாட ஆரம்பித்த காலத்தில் எல்லாரும் அவரிடம் பயிற்சி எடுத்தது அந்தத் தளத்தில்தான். பழைய ஆட்டக்காரர்கள் சங்கத்தில் பாதிப் பேர் எழுதலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். இடம் கோயிலுடையது, ஒரே தீர்மானமாக வந்தால்தான் பாதிரியார் ஒத்துக்கொள்வார் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

பக்கத்து ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார். அவர் அதே தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். கோச் சாரை யாரும் அழைக்கவில்லை, ஆனாலும் அவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்த குற்றவாளி அப்படி இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட, ஒல்லியான, காது சரியாகக் கேட்காத கிழவர் அவர். யாராவது பேசினால் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தன் மீதான புகார்களை மிகவும் கவனமாகக் கேட்டார்.

புகாருக்குக் குறைவில்லை. காய்ச்சலோடு ஓட வைத்தார் என்றார் ஒருவர். ஐந்து நிமிடம் லேட்டாக வந்ததற்காக ஒரு டூர்னமெண்டையே இழந்தேன் என்றார் இன்னொருவர். நடுவே பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்து, ஷார்ட்ஸ் போடக்கூடாது என்று தன் அப்பா தடுத்தபோது இந்த மனுஷன்தான் மூன்று நாள் தொடர்ந்து வீட்டுக்கு வந்து பேசினார், இன்றைக்குத் தன் வீட்டில் அடுப்பு எரிவது ஆட்டத்தால் கிடைத்த அந்த வேலையால்தான் என்றார். கேட்கக் கேட்க எனக்குக் குழப்பமாகிவிட்டது. நல்லவரா கெட்டவரா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஷூவையே பார்த்துக்கொண்டு, பேசாமல் இரு என்றார். அவருக்கு அலுப்பாக இருக்கிறது போலும் என்று விட்டுவிட்டேன்.

சித்தி ஃபைனல் கதையைச் சொன்னாள். வீட்டில் சொல்வதைவிட இன்னும் நன்றாகவே சொன்னாள். அவள் உட்கார்ந்ததும் பதிமூன்றாம் நம்பர் எழுந்தார். அம்மாவோடு அதே அணியில் ஆடிய அக்கா அவர், இப்போது சிவாஜிநகரிலேயே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு சார் மேல கோவம் இல்ல. அந்த வேல போனப்புறம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் பொழைக்கிறேன். ஆறாம் நம்பர ஏன் எறக்கல? காரணம் தெரிஞ்சா போதும்."

ஹால் முழுவதும் பின்பக்கம் திரும்பியது. கோச் சார் மெதுவாக எழுந்தார்.

"காரணம்னு ஒண்ணும் இல்லம்மா. கோச் நான்தான. அன்னிக்கு எனக்குத் தோணுச்சு, செஞ்சேன். தோத்துட்டோம். போர்டுல என் பேரு வேணாம். சும்மா சண்ட போட்டுக்காதீங்க."

அப்போதுதான் என் பக்கத்து நாற்காலி காலியானது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். கோச் சார் அவளைப் பார்த்தார்.

"ஆறு, உக்காரு."

அம்மா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். ஒருசிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டில் யார் சொன்னாலும் கேட்காத அம்மா ஒரு கிழவர் சொல்லுக்கு உட்கார்ந்ததைப் பார்த்து. ஆனால் அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்தாள்.

"இன்னிக்கு நீங்க கோச் இல்ல சார்" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல. ஆட முடியாதுன்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். யாருக்கும் சொல்லிடாதீங்கன்னும் சொன்னேன். அவரு சொல்லல. இத்தன வருசமா நான்தான் வாயத் திறக்காம இருந்துட்டேன்."

கோச் சார் விடவில்லை. "பொய் சொல்றா. ஆடறேன்னுதான் சொன்னா. நான்தான் உக்கார வெச்சேன்."

கூட்டம் குழம்பிப்போனது. ஒரு தப்புக்கு இரண்டு பேர் போட்டி போடுவதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பதிமூன்றாம் நம்பர் மட்டும் நிதானமாக, அப்படி உடம்புக்கு என்ன என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் பார்வை எங்கேயும் நிலைகொள்ளவில்லை. நான் சித்தியைப் பார்த்தேன், அவள்தானே இந்த வழக்கை நடத்துகிறவள். சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையிலிருந்து கால் வரை, புதிதாகப் பார்ப்பதுபோல். அப்புறம் ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு செயலாளரிடம் திரும்பி, "போதும், அவரு பேர எழுதிடுங்க" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் கட்சி மாறியது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. சித்தியே மாறியபிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பதிமூன்றாம் நம்பர் கை தூக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கடை திறக்கிற நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோச் சார் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகையில் பெயர் வந்தது. இப்போதும் இருக்கிறது.

மீதியை அம்மா எனக்குச் சொன்னது, எனக்கு நிச்சயம் ஆன வாரத்தில். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அவள் இறால் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கையில் வேலை இருக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும்.

அந்த ஃபைனல் நாளில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பாவின் குடும்பம் வேறு சபை, கத்தோலிக்கப் பெண் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். எங்கள் பக்கமும் அதே கதைதான். மேட்சுக்கு முன் பாத்ரூம் வாசலில் அம்மா வாந்தி எடுத்ததை கோச் சார் பார்த்துவிட்டார். அவருக்கும் இரண்டு பெண்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அம்மா அழுதுகொண்டே தலையாட்டியிருக்கிறாள். இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடிவிடுகிறேன் சார், இனிமேல் எனக்கு ஆட்டமே கிடைக்காது என்று கெஞ்சியிருக்கிறாள். ஆட்டம் தொடங்கும்போது அவர், ஆறு உக்காரு என்று மட்டும் சொன்னார்.

தோற்றபிறகு நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை தங்கியிருக்கும், ஒருவேளை அணியும் தங்கியிருக்கும். எங்கள் தெருவில் அம்மாவுக்கு மானம் தங்கியிருக்காது. அவர் தன் கணிப்பு தவறிவிட்டது என்றே சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதமே அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. நான் குறை மாதத்தில் பிறந்தேன் என்று ஊருக்குச் சொன்னார்கள். நம்பினார்களோ, நம்புவதுபோல் இருந்தார்களோ.

அப்படியானால் அவர் செய்தது சரிதானே என்றேன். அம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு நல்லவருன்னு எங்க வேணா சொல்லுவேன். அன்னிக்கு சரியாத்தான் செஞ்சாரான்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் ஆடணும்னு நெனச்சேன். அத அவரு ஒரு நிமிசம்கூட யோசிக்கல."

ஹாலில் அவர் சொன்னதுதான் உண்மை, அவள் சொன்னதுதான் பொய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கோச்சை எதை வைத்து எடைபோடுவது என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். ஜெயித்த கோப்பைகளை வைத்தால் அவர் சாதாரணமானவர். காப்பாற்றிய ரகசியத்தை வைத்தால் பெரிய மனிதர். துணிக்கடையில் நிற்கிற அந்த அக்காவின் கால்களை வைத்துப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எல்லாருக்கும் இருக்கலாம், எனக்கு இல்லை. அவர் எதையெல்லாம் இழந்தாரோ அதனால் கிடைத்தவள் நான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இந்தச் சங்கடம் ஏதும் கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவும் நானும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தோம், அப்பா முன்சீட்டில். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் நகரவே இல்லை. எனக்கோ கோப்பை போனது ஆறவில்லை. உடம்பு சரியில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? நான் வயிற்றுவலியோடு பரீட்சை எழுதவில்லையா?

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். "நான் கோச்சா இருந்தா உனக்கு என்ன ஆனாலும் பரவால்லன்னு உன்னைத்தான் எறக்கியிருப்பேன்."

அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் அடங்காமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கண்டக்டர்கூட என்னவென்று எட்டிப் பார்த்தார். இத்தனை நாள் கழித்து அம்மா பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டு, நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.