எங்க ஊர்ல ஆறு ஓடலீங்க டீச்சர்

எங்கள் ஸ்கூலில் மலையாளம் மீடியம் தனி, தமிழ் மீடியம் தனி. இங்கிலீஷ் டீச்சர் மட்டும் இரண்டுக்கும் ஒருவர்தான். ஒற்றப்பாலத்துக்காரர், அவர் வீட்டு வாசலில் நின்றால் புழை, அதாவது ஆறு, தெரியுமாம். பத்தாம் வகுப்பு முடியப் போகிற சமயம், வருஷக் கடைசி அசைன்மென்ட் கொடுத்தார். லைப்ரரியிலிருந்து ஒரு கவிதைப் புத்தகம் எடுத்துப் படிக்க வேண்டும், பிறகு 'என் கிராமம்' என்று சொந்தமாக இங்கிலீஷில் ஒரு கவிதை எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று போர்டில் எழுதிப் போட்டார். அதில் ஒரு ஆறு, கரையில் நெல்வயல், வயலில் கொக்கு.

அந்த வாரம் எங்கள் வகுப்பு முழுக்க ஆறு ஓடியது.

நாங்கள் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய முதலமடையில். மாந்தோப்பு, போர்வெல், லாரி. ஓடை ஒன்று உண்டு, பிப்ரவரியில் அதற்குள் பைக் ஓட்டலாம். கோடையில் டேங்கருக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற என் பெஞ்சுக்காரி, நதி என்னைத் தாலாட்டுகிறது என்று எழுதியிருந்தாள். என்ன புள்ள இது என்று கேட்டேன். போர்டுல இருந்துச்சு, எழுதினேன் என்றாள். என் ஆற்றில் இரண்டு அன்னங்கள் வேறு நீந்தின.

என்னைக் கெடுத்தது அந்த லைப்ரரி புத்தகம். யாரோ ஒருவர் தன் தெருச் சாக்கடையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். சாக்கடையைப் பற்றி, அச்சில். சாக்கடைக்கு அனுமதி உண்டு என்றால் எங்கள் தோப்புக்கு ஏன் கிடையாது என்று எனக்குப் பரபரவென்று வந்தது. அன்னங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் வேறொன்று எழுதினேன். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. அப்பா மாம்பூவுக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு வருவார், குளித்தாலும் வாடை போகாது, சாமி கும்பிடும்போது கற்பூரத்தோடு கலந்து வரும் என்று ஒரு இடம். எங்கள் மாங்காய் காயாகவே லாரி ஏறி வடக்கே போகிறது, அது பழுக்கிற ஊரை நான் பார்த்ததில்லை என்று கடைசி வரி.

தாள் திரும்பி வந்தபோது மருந்து வாடை மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் டீச்சரே அழகாக நாலு வரி எழுதித் தந்திருந்தார். அதிலும் ஓடியது ஆறுதான். கீழே ஒரு குறிப்பு: இதைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்தால் முழு இன்டர்னல் மார்க், வகுப்பில் வாசிப்பதும் அதைத்தான்.

மார்க் சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினால் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். அதில் நான் எந்தப் போட்டோவில் இருக்க வேண்டும் என்று அம்மா முன்னமே முடிவு செய்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அம்மா மாங்காய்ப் பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டே சொன்னார்: "ஏங்கண்ணு, மார்க்குக்குத்தான? ஒரு ஆத்த உள்ள உட்டாத்தான் என்ன?"

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். டீச்சர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கவிதை என்றால் படிக்கிறவர்களுக்கு ஒரு குளிர்ச்சி வேண்டும் என்றார். மருந்து என்று நீயே எழுதினால் உங்கள் ஊர் மாங்காய்க்குத்தான் கெட்ட பெயர் என்றார்.

"எங்க ஊர்ல ஆறு ஓடலீங்க டீச்சர்," என்றேன்.

"கவிதைக்கு உண்மை வேணும்னு இல்ல மோளே."

"அப்ப ஆறும் வேணும்னு இல்லீங்களே டீச்சர்."

பக்கத்து நாற்காலியில் கணக்கு சார் டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார். டீச்சர் தாளை என் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை வாசிக்கணும், யோசி என்றார். 

வெள்ளிக்கிழமை வரிசையாக வாசித்தார்கள். ஆறு, ஆறு, மறுபடியும் ஆறு. ஒரு மலை வந்தது, அதிலிருந்தும் ஓர் ஆறு இறங்கியது. பின் பெஞ்சில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சீசனில் விடியுமுன்னே தோப்புக்குப் போய்க் காய் தரம் பிரித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் டீச்சர், திருத்தியதுதானே என்று கேட்டார். இல்லீங்க டீச்சர் என்றேன். மார்க் குறைப்பேன் என்றார். குறைச்சுக்கங்க டீச்சர் என்று சொல்லிவிட்டேன். திமிராகச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

வாசித்தேன். அவசரம் என் கூடப் பிறந்தது. வரிகள் குடுகுடுவென்று ஓடி, லாரி வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. டீச்சர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். எவ்வளவு குறைத்தார் என்பது ரிசல்ட்டில் தெரிந்தது, இங்கிலீஷில் ஒரு ஏ, பிளஸ் இல்லாமல். ஃப்ளெக்ஸில் நான் இல்லை. அம்மா அந்த ஜங்ஷனைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்கும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

ஆனால் அன்றைக்கு நான் உட்காரப் போனபோது, பின் பெஞ்சில் ஒருத்தன் தலையைத் தூக்கினான். அவனுடைய அப்பாவும் மருந்து அடிக்கிறவர்தான்.

"ஏ புள்ள, அந்த வாடை வர்ற எடம் சரியாக் கேக்கல. மெதுவாப் படி."

டீச்சரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நான் திரும்பி நின்று, சிவப்புக் கோடு போட்டிருந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். இந்த முறை மெதுவாக.