எஸ்தர் கதையில் எரிந்த விளக்கு

சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று சோதிக்கும் பையர் ஆடிட் வருகிறதென்றால் எங்கள் பனியன் கம்பெனிக்குத் தொழிலாளர்கள் மீது திடீர்ப் பாசம் வந்துவிடும். ஒட்டடை அடிப்போம். முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வாங்குவோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஒரு முறை, தொழிலாளர் திறமையை வளர்க்கிறோம் என்று காட்டச் சுவர்ப் பத்திரிகையும் வைக்கச் சொன்னார்கள். பர்சனல் ஆபீசரான என் தலையில் அது விழுந்தது.

எல்லோரும் அம்மாவைப் பற்றிக் கவிதை கொடுத்தார்கள். ஓவர்லாக் டெய்லர் எஸ்தர் மட்டும் கதை கொடுத்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கம்பெனிக்குப் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் வாடகைக்கு இருந்த பெண். கதை வருங்காலத்தில் நடந்தது. அதில் ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு விளக்கு. தைக்கும் கை நின்றால் எரியும். தண்ணீர் குடித்தாலும் எரியும், தும்மினாலும் எரியும். கடைசியில் அந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கத்திலும் கை அசைந்துகொண்டே இருக்கும். முதலாளி கண்ணில் பட்டால் வம்பு என்று தெரிந்தது. ஆனாலும் நன்றாக இருந்ததால் ஒட்டிவிட்டேன்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் முதலாளி சுவர் முன்னால் நின்று அதை முழுவதும் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். எஸ்தரின் அம்மாவும் எங்களிடம்தான், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தார். வேலை போனால் இருவருக்கும் போகும். சின்னப் பெண், கதைதானே, கிழித்துவிடலாம் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

முதலாளி சிரித்த முகமாக இருந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள எழுதியிருக்குதே, கை நின்னா எரியற லைட்டு, அது எங்கீங்க கெடைக்குது?"

அது கற்பனை என்றேன்.

"இருக்கட்டுமுங்க. நம்ம எலக்ட்ரீசியன்கிட்டச் சொன்னாப் போட்டுத் தந்துர மாட்டானுங்களா?"

எஸ்தரின் வேலை தப்பியது. பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கிடைத்தது. ஆடிட் முடிந்ததும் விளக்குகள் வந்தன, முதலில் அவளுடைய லைனுக்கு. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பர்சனலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வருங்காலத்தைப் பற்றி யாராவது பயங்கரமாக எழுதிக் கொடுத்தால், அவர் வேலை செய்யும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவர் எழுதியது பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

அடுத்த ஆடிட்டுக்கும் எஸ்தரிடம் கதை கேட்டேன். தைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"கதை இருக்கு சார். முதலாளி படிப்பாருல்லா, அதான் எழுதல."